பேனா படாத விடைத்தாள்

பிரவீனா ஃபெயில் ஆனது தரக் கட்டுப்பாடு பாடத்தில். கேட்டதும் முதலில் சிரித்தவள் அவளேதான். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான்கு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு பீஸ் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். துளை நேராக இருக்கிறதா, விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பாள். சரியாக இருந்தால் பச்சை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பாள். லைனில் ஆளுக்கு ஒரு நிறம். பச்சை என்றால் பிரவீனா. என்றைக்காவது எந்த ஊரிலாவது ஒரு லாரிக்குப் பிரேக் பிடிக்காமல் போனால், அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துவிட்டு நேராக அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தரக் கட்டுப்பாட்டில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று.

டீ பிரேக்கில் செல்போனில் ரிசல்ட் பார்த்தவள், பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டிச் சிரித்தாள். டீ தீர்ந்ததும் சிரிப்பும் தீர்ந்துபோனது. அவள் காண்ட்ராக்ட் ஆள். வருஷத்துக்கு ஒருமுறை, டிகிரி முடித்த காண்ட்ராக்ட் ஆட்களில் ஒரு சிலரைக் கம்பெனி நிரந்தரமாக எடுக்கும். இந்த வருஷம் தரப் பிரிவில் ஒரே ஓர் இடம். அந்த இடத்துக்காகத்தான் நான்கு வருஷம் காலை ஷிஃப்ட் முடித்து, பஸ்ஸில் தூங்கி, மாலை வகுப்பில் விழித்திருந்து பி.இ. படித்தாள். மற்ற எல்லாப் பாடமும் பாஸ். இது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

சூப்பர்வைசர் மாரிசெல்வத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம். பன்னிரண்டு வருஷம் இங்கே இருந்தும் ஊர்ப் பேச்சு போகவில்லை. "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பாஸ்னு காயிதம் எச்.ஆர்.ல இருக்கணும், கேட்டியா? ஒரு நிமிசம் பிந்திச்சின்னாலும் எடுத்துக்கிட மாட்டாவ. என்ன செய்வியோ செய்யி."

"நாளிக்கி பேப்பர் காட்டுவாங்கண்ணே. போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள் பிரவீனா. ஐம்பதுக்கு இன்னும் ஏழு மார்க் வேண்டும். எங்கோ கூட்டலில் தப்பு நடந்திருக்கும் என்றுதான் அவள் நம்பினாள்.

அவள் படித்தது வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ரிசல்ட்டை முடிவாக அறிவிக்கும் முன்னால் ஒருநாள் விடைத்தாளை மாணவர்கள் கையில் கொடுப்பார்கள். பார்த்துவிட்டு, 'ஆட்சேபணை இல்லை' என்ற பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் போட்ட பிறகுதான் மார்க் பட்டியல் மேலே போகும். இதெல்லாம் காகிதத்தில் இருக்கிற ஒழுங்கு. நடப்பில், எல்லோரும் முதல் பக்கத்தில் மொத்த மார்க்கைப் பார்ப்பார்கள், சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள், கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடுவார்கள்.

பிரவீனா தாளைப் புரட்டினாள். அவளுக்குப் பக்கம் பக்கமாகப் பார்த்துத்தான் பழக்கம். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். மறுபடியும் பின்னாலிருந்து புரட்டினாள். அவளுடைய நீல மையைத் தவிர அந்தத் தாளில் வேறு மை இல்லை. ஒரு டிக் இல்லை, ஒரு சுழி இல்லை, ஒரு கோடு இல்லை. மார்க்கை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்து மேலே ஒட்டியிருந்தார்கள். பின்னால், கேள்வி வாரியாக மார்க் அச்சான ஒரு கணினித் தாளைப் பின் அடித்து வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டாம் கேள்விக்குப் பதின்மூன்று மார்க். கேள்வி இதுதான்: துளையிடும் எந்திரத்தில் கடைசியாக வந்த பத்துப் பாகங்களில் துளை மையம் விலகியிருக்கிறது, நீங்கள் எடுக்கும் நடவடிக்கைகளை விளக்குக. பரீட்சை ஹாலில் அதைப் படித்ததும் பிரவீனாவுக்குக் கையெல்லாம் பரபரத்தது. ஜனவரியில் அவளுடைய லைனில் அப்படியே நடந்த விஷயம். பீஸை அதன் இடத்தில் நிறுத்தும் 'பின்' என்ற சின்னக் கம்பியில் இரும்புத் துகள் அடைந்து, துளை விலகிப்போனது. நடந்ததை நடந்தபடியே எழுதினாள். அதற்கு அவள் வாங்கியது இரண்டு. பக்கத்தில் காரணமும் இருந்தது: விடையில் ஒழுங்கான அமைப்பு இல்லை, விளக்கப்படாத சுருக்கச் சொற்கள், முக்கியச் சொற்கள் இடம்பெறவில்லை.

எழுதிய விதத்தில் அவள் பேரிலும் தப்பு உண்டு. அதை அவளே ஒத்துக்கொள்வாள். தொழிற்சாலையில் ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் வரும்போது நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். வருகிறவன் அரை நிமிஷத்தில் படித்துவிட்டு மெஷினில் நிற்பான். அதனால் அங்கே யாரும் வாக்கியம் எழுதுவதில்லை. நீட்டி எழுதினால் திட்டு விழும். நல்ல பீஸுக்கு ஓகே, ஆகாத பீஸுக்கு என்.ஜி. அவ்வளவுதான். பரீட்சையிலும் அந்தக் கைப்பழக்கம்தான் வந்தது. 'மெஷின் ஸ்டாப். சிவப்பு டேக். கடைசி ஓகே பீஸிலிருந்து முதல் என்.ஜி. பீஸ் வரை முழு செக்' என்று ஆங்கிலத்தில் ஒன்பது வரி. லைனில் நிற்கும் எவனுக்கும் புரியும். மெஷினைப் பற்றிய பதில் மெஷினுக்குத்தான் புரியவில்லை.

அறிவுமதி மேடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவேட்டை நகர்த்திக்கொண்டிருந்தார். பாடம் நடத்தியவர் அவர்தான். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டிறங்கி ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வருகிறவர். மாலை வகுப்பில் யாராவது தலை தொங்கினால் 'போய் முகம் கழுவிட்டு வாங்க' என்பாரே தவிர, ஒருநாளும் அவமானப்படுத்தியதில்லை. பிரவீனாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் கோபமும் அவ்வளவு வந்தது.

"மேடம், இந்தத் தாள யாரு பாத்தாங்க?"

"நான்தான்மா. பட்டியல்ல என் பேர் இருக்கு பாரு."

"பேரு இருக்குது மேடம். நீங்க பாத்தீங்களான்னு கேக்கறேன்."

அறிவுமதி நிமிர்ந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். இரண்டு நொடி தடுமாறியது. சுற்றி இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையும் வரை காத்திருந்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"இல்ல. ஏ.ஐ.தான் திருத்துச்சு. ஸ்கேன் பண்ணி ஏத்தினா, மாதிரி விடையோட ஒப்பிட்டு மார்க் போட்டுடும். டிபார்ட்மென்ட்ல பாதிப் பேர் அப்படித்தான் செய்யறாங்க. யாரும் கட்டாயப்படுத்தல. நானேதான் செஞ்சேன்."

"ஏன் மேடம்?"

"மூணு செக்‌ஷன், நூத்தி எண்பத்தாறு பேப்பர், அஞ்சு நாள் டைம். நடுவுல கிளாஸும் எடுக்கணும். நூறாவது பேப்பர்ல எனக்குக் கண்ணு மங்கிடும் பிரவீனா. அப்ப நான் போடற மார்க் மட்டும் நியாயமா இருக்கும்னு நெனைக்கிறியா? அது களைச்சுப் போகாது. கையெழுத்து அழகா இருக்கான்னு பாக்காது. யார் எந்த ஊரு, என்ன பேருன்னு பாக்காது. நான் படிச்ச காலத்துல பேரப் பாத்து மார்க் போட்டவங்க இருந்தாங்க. எனக்குத் தெரியும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை என்பது பிரவீனாவுக்கும் தெரியும். ஷிஃப்டின் ஏழாவது மணி நேரத்தில் கண் என்ன பாடு படும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"எங்க லைன்லயும் கேமரா கீது மேடம்" என்றாள். கோபம் வந்தால் சொந்த ஊரான பென்னலூரின் பேச்சு தானாக வந்துவிடும். "எனக்கு முன்னாடி அதுதான் பீஸப் பாக்கும். நல்லாவே பாக்கும், வேணான்னு சொல்லல. ஆனா டெய்லி ஷிஃப்ட் ஸ்டார்ட் ஆவறப்ப மாஸ்டர் பீஸ் ஓட்டுவோம். பூட்டு போட்ட பொட்டில வெச்சிருப்போம். ஒண்ணு நல்ல பீஸு. அஞ்சு வேணும்னே கெடுத்து வெச்ச பீஸு. அந்த அஞ்சையும் கேமரா புடிக்கணும். ஒண்ண வுட்டாலும் மெஷின ஆஃப் பண்ணிடுவோம். கடைசியா எப்ப சரியா இருந்துச்சோ, அங்கேந்து எல்லாத்தையும் திரும்ப இழுத்துப் பாப்போம். நீங்க உங்க மெஷினுக்கு மாஸ்டர் ஓட்டுனீங்களா மேடம்?"

அறிவுமதி மேசையின் மேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். "வெள்ளைத் தாள் ஒண்ணு எடு" என்றார்.

கெட்ட பீஸை இருவரும் சேர்ந்தே செய்தார்கள். பிரவீனா தமிழில் சொல்லச் சொல்ல, மேடம் முத்து முத்தான கையெழுத்தில் நல்ல ஆங்கிலத்தில் எழுதினார். முன்னுரை, வரையறை, நடவடிக்கைகள், முடிவுரை என்று அடிக்கோடிட்ட தலைப்புகள். பாடப் புத்தகத்துச் சொற்கள் வேறு: மீன்முள் வரைபடம் என்ற பேர் மூன்று இடத்தில், தொடர் மேம்பாடு என்ற பேர் நான்கு இடத்தில். நடவடிக்கைகள் என்ற தலைப்பின் கீழே பிரவீனா வேண்டுமென்றே விஷத்தை வைத்தாள்: வாடிக்கையாளருக்குக் குறித்த நேரத்தில் அனுப்புவதே முதல் கடமை, எனவே அந்தப் பத்துப் பாகங்களையும் மற்றவற்றோடு சேர்த்து அனுப்பிவிட்டு, பிறகு நிதானமாக ஆய்வு செய்ய வேண்டும்.

"இத எங்க கம்பெனில ஒருத்தன் வாய்ல சொன்னாலே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றாள் பிரவீனா. "அது பிரேக்குது மேடம். ஆளு செத்துடுவான்."

மேடம் செல்போனில் படம் எடுத்து, பன்னிரண்டாம் கேள்விக்கு நேரே ஏற்றினார். வட்டம் சுற்றியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு. தெளிவான அமைப்பு, சிறந்த சொல்லாட்சி என்று பாராட்டு வேறு.

அறிவுமதி அந்தப் பாராட்டை வாய்விட்டு ஒருமுறை படித்தார். பிறகு மேடம் பிரவீனாவின் விடைத்தாளைத் தன் பக்கம் இழுத்தார். "உன் தாள நான் இப்பவே படிக்கிறேன். நாளைக்கே திருத்தின மார்க் கொடுத்துடறேன். வெள்ளிக்கிழமைக்கு உனக்கு வேணும்னு தெரியும்."

பிரவீனாவுக்கு அப்போது உள்ளே குளிர்ந்துபோனது உண்மை. சரி மேடம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் பாழாய்ப்போன பழக்கம் ஒன்று அவளுக்குள் நான்கு வருஷமாக ஊறியிருக்கிறதே.

"மீதி நூத்தி எண்பத்தஞ்சு மேடம்?" என்று கேட்டாள்.

மேடத்தின் பிடி தளர்ந்தது. தாளைப் பிரவீனா திரும்ப வாங்கி மற்றவற்றோடு வைத்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தாள்.

வராந்தாவில் ஹேமந்த் நின்றுகொண்டிருந்தான். ஒரே வகுப்பு; வாலாஜாபாத்தில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். எண்பத்தொன்று வாங்கியிருந்தான். சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்ததில் பாதி அவன் காதில் விழுந்திருந்தது.

"அவங்கதான் உனக்கு மட்டும் பாத்துத் தரேங்கறாங்களே, வாங்கிக்கினு போயேன். ஊரு மார்க்குல எல்லாம் ஏன் கைய வெக்கிற?"

"நீ எழுதுனத யாருனா படிச்சாங்களா ஹேமந்த்?"

"படிக்காம வுட்டதே நல்லதுன்னு நானே சாமியக் கும்புட்டுக்கினு கீறேன். நீ வேற."

இவ்வளவு நேர்மையாக ஒருவன் பேசும்போது அவனிடம் என்ன சண்டை போடுவது? பிரவீனா பஸ் ஏறினாள்.

புதன்கிழமை மூன்று மணிக்குத் துறைத்தலைவர் நாகப்பன் கூப்பிட்டனுப்பினார். நாகப்பன் சார் கெட்டவர் இல்லை. ஆனால் எந்தப் பிரச்சினையும் தன் அறைக் கதவைத் தாண்டி மேலே போய்விடக் கூடாது என்பதில் மட்டும் வெறி கொண்டவர். அறிவுமதி மேடம் ஓரமாக ஒரு நாற்காலியில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். மேசையில் பதிவேடு, மார்க் பட்டியல், தட்டில் பிஸ்கட். ஃபெயில் ஆனவளுக்குப் பிஸ்கட் கொடுத்தால் உஷாராக இருக்க வேண்டும் என்று பிரவீனா நினைத்துக்கொண்டாள்.

"ஏழு மார்க்தானேம்மா" என்றார் நாகப்பன். "மத்த பாடமெல்லாம் பாஸ். இந்த மாதிரி ஒரு பாடத்துல நிக்கிறவங்களுக்குக் கருணை மார்க் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. இப்பவே போட்டுடறேன். இந்தப் பதிவேட்டுல ஒரு கையெழுத்து. நாளைக்கு மத்தியானம் பாஸ் சர்டிஃபிகேட் உன் கையில. வேலையும் உனக்கு. சந்தோஷமா போய்ட்டு வா."

"என் தாளப் படிச்சீங்களா சார்?"

"அதான் பாஸ் போடறேங்கறேனே."

"பாக்காம ஃபெயில் போட்டாங்க. இப்ப பாக்காம பாஸ் போடறீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்."

நாகப்பன் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, நான் ஒண்ணு தெளிவா சொல்றேன். நீ கையெழுத்துப் போடலேன்னா ரிசல்ட் மேல போகாது. போகலேன்னா மூணு செக்‌ஷனும் நிக்கும். எல்லாத்தையும் கையால திருத்தணும்னா பத்து நாள் ஆகும். உன் வெள்ளிக்கிழமை போயிடும். இதுல நஷ்டம் எனக்கில்லம்மா, உனக்கு."

அவர் சொன்னதில் கணக்குத் தப்பு இல்லை. நான்கு வருஷம். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. கனகம் இன்னொரு கம்பெனியில் தரை துடைக்கிறவள். 'எம் பொண்ணு இன்ஜினியரு' என்று பென்னலூரில் பாதி வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். ஒரு கையெழுத்து. மூன்று நொடி வேலை. போட்டால் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அவள் லைனில் ஒரு விதி இருக்கிறது. சந்தேகம் வந்த சரக்கின்மேல் யார் வேண்டுமானாலும் சிவப்பு டேக் ஒட்டலாம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும் ஒட்டலாம். ஒட்டிய பிறகு, பிளான்ட் தலைவரே வந்தாலும் அந்தப் பெட்டியை நகர்த்த முடியாது. முழுதும் பார்த்து முடித்த பிறகு, ஒட்டிய ஆள்தான் கிழிக்க வேண்டும். பிரவீனா அந்த உரிமையை நான்கு வருஷத்தில் பதினோரு தடவை பயன்படுத்தியிருந்தாள். ஒன்பது தடவை அவள் சந்தேகம் சரி. இரண்டு தடவை தப்பு. தப்பான தடவைகளுக்கும் யாரும் அவளைத் திட்டியதில்லை.

பையைத் திறந்தாள். ஷிஃப்டிலிருந்து நேராக வந்ததால் டேக் கட்டு உள்ளேயே கிடந்தது. ஒன்றைக் கிழித்தாள். மேசையில் வைத்து எழுதினாள். எத்தனை: நூற்று எண்பத்தாறு. என்ன குறை: யாரும் பார்க்கவில்லை. யார் நிறுத்தியது: பிரவீனா. தேதி போட்டாள். பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே, கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் ஒட்டி, கட்டை விரலால் நன்றாக அழுத்தினாள்.

"என்ன பண்றே நீ? இது ஃபேக்டரி இல்ல!"

"தெரியும் சார். ஃபேக்டரியா இருந்தா இந்நேரம் லைனே நின்னுருக்கும்."

நாகப்பன் எழுந்து, டேக்கைப் பிய்க்கக் கையை நீட்டினார். அதற்குள் ஓரத்து நாற்காலியிலிருந்து அறிவுமதி மேடம் எழுந்து வந்து பதிவேட்டை மூடி, தன் மார்போடு அணைத்துக்கொண்டார். அவ்வளவு வேகமாக அவர் நகர்ந்து பிரவீனா பார்த்ததே இல்லை.

"அந்தப் பட்டியல்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றார். "நேத்து நானே ஒரு விடை எழுதி ஏத்தினேன். ஆளக் கொல்லற பதில். பன்னெண்டு மார்க் வந்துச்சு. அந்த மெஷின் போட்ட மார்க்குக்குக் கீழ என் பேர் இருக்கக் கூடாது. நூத்தி எண்பத்தாறையும் நானே படிக்கிறேன். எனக்குப் பத்து நாள் வேணும்."

"மேனேஜ்மென்ட் கேட்டா நான் என்ன சொல்ல? உங்களுக்கு மெமோ வரும் அறிவுமதி."

"கொடுங்க சார். அதையாவது நீங்களே எழுதிக் கொடுங்க."

நாகப்பன் உட்கார்ந்துவிட்டார். பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

வீட்டில் கனகம் ஆடித் தீர்த்துவிட்டாள். "குடுக்கறத வேணான்னு சொல்ல நீ இன்னா பெரிய கலெக்டரா? ஊருக்கெல்லாம் மார்க்கு வாங்கித் தரத்துக்கா உன்னப் படிக்க வெச்சேன்?" அம்மா கேட்பதில் நியாயம் இருந்தது. இருந்தும் அவள் செய்ததில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்போது மனுஷி என்ன செய்வாள்? குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் ஷிஃப்ட் முடிந்தது. வீட்டுக்குப் போகாமல் ஓவர்டைம் எடுத்துக்கொண்டாள். ஐந்து மணி அடித்தபோது லைனில்தான் நின்றுகொண்டிருந்தாள். கையில் இருந்த பீஸைத் திருப்பிப் பார்த்துக் கோடு போட்டு, அடுத்ததை எடுத்தாள். அந்த இடம் பக்கத்து பிளான்ட்டில் இருந்த ஒருவனுக்குப் போயிற்று. மாரிசெல்வம் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார்.

"ஒரு வருசம் போச்சுல்லா. இனி அடுத்த லிஸ்ட்டுக்குத்தான். ஏழு மார்க்கச் சும்மா தந்தாவளாமே, வாங்கிக்கிட்டு வர வேண்டியதுதானே?"

"அண்ணே, பாக்காம ஓகே போட்ட பீஸு எங்கிட்ட வந்தா நான் வாங்குவேனா?"

மாரிசெல்வம் அவள் கோடு போட்ட ஒரு பீஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "வாங்க மாட்டெ. அதான் எனக்கு எரிச்சலா வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் விடைத்தாள்களை மறுபடியும் காட்டினார்கள். அறிவுமதி மேடத்தின் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கட்டை விரலில் பிளாஸ்டர். மெமோ வந்துவிட்டதாம், பதிலும் எழுதிக் கொடுத்துவிட்டாராம். அடுத்த செமஸ்டர் இங்கே இருப்பாரா என்று அவருக்கே தெரியாது. ஹேமந்துக்கு எண்பத்தொன்று ஐம்பத்தெட்டாக இறங்கியிருந்தது. பிரவீனாவைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் தன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே வரை வரிசை நின்றது. யாரும் ஷேர் ஆட்டோவுக்கு அவசரப்படவில்லை.

பிரவீனாவுக்கு அறுபத்து நான்கு. பாஸ். அந்தப் பாஸை வைத்துக்கொண்டு அவளால் இப்போது எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் தாளைத் திறந்தாள். பக்கமெல்லாம் சிவப்பு. சுழித்திருந்தார், கோடிட்டிருந்தார், ஓர் இடத்தில் பேனா வழுக்கி மை இழுபட்டிருந்தது. நள்ளிரவோ விடியலோ, யாரோ ஒரு மனுஷி அவள் எழுதியதன்மேல் தூங்கி விழுந்து எழுந்திருக்கிறாள். பன்னிரண்டாம் கேள்விக்கு வந்தாள். பதின்மூன்றுக்குப் பத்து. பக்கத்தில் எழுதியிருந்தது: செய்தது எல்லாம் சரி. மறுபடி வராமலிருக்க வழி முழுமையாக இல்லை.

பிரவீனா அந்த வரியைப் படித்தாள். கடைசி வரியில் தான் எழுதியதைப் படித்தாள். மறுபடியும் சிவப்பு வரியைப் படித்தாள். கோபம் சுள்ளென்று ஏறியது.

"மேடம், இன்னா இது? மூணு மார்க்க ஏன் புடிச்சீங்க?"

"மறுபடி வராம இருக்க என்ன செஞ்சேன்னு நீ எழுதல."

"எழுதியிருக்கேன் மேடம். இதோ பாருங்க. பின் க்ளீன், அம்பது பீஸுக்கு ஒருவாட்டி, செக் ஷீட்ல சேக்கணும். இதுக்கு மேல இன்னா எழுதறது?"

"யார் க்ளீன் பண்ணணும்? அத எங்க எழுதியிருக்கே?"

"ஆப்பரேட்டர்தான் பண்ணுவான். வேற யாரு பண்ணுவா?"

"அது உனக்குத் தெரியும். படிக்கிற எனக்கு எப்படித் தெரியும்? ஆள் பேர் போடாத வேலைய யார் செய்வாங்கன்னு இப்ப நீயே சொல்லு பாக்கலாம்."

கேட்டதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் மூன்று மார்க் அநியாயம். "சரி, அதுக்கு ஒண்ணு கொறைங்க. மூணா?"

அறிவுமதி தாளை வாங்கி இன்னொரு தடவை படித்தார். உதடு அசைய, ஒன்பது வரியையும் படித்தார். பத்தை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினார்.

"பதினொண்ணு. அதுக்கு மேல கெடையாது."

"மேடம்!"

"கெடையாதுன்னா கெடையாதுடி."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள்; ஒவ்வொருவர் கையிலும் ஒரு சண்டை காத்திருந்தது. பிரவீனா நகரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மேடத்துக்கு எதிரே உட்கார்ந்து, தாளை இருவருக்கும் நடுவில் விரித்தாள்.

"அந்த ரெண்டு மார்க்குக்குக் காரணம் சொல்லுங்க மேடம். கேக்கறேன்."

அறிவுமதி மேடம் சொல்ல ஆரம்பித்தார்.